மறு: போர்ட்டல் ஹைப்பர்டென்சிவ் கேஸ்ட்ரோபதி – தமிழில் என்ன?

குழும நண்பர்களுக்கு வணக்கம். ஈரலுக்குப் போகும் சிரையில் அழுத்தம் ஏறி, அதனால் இரைப்பைச் சவ்வு கெடும் நோய்தான் போர்ட்டல் ஹைப்பர்டென்சிவ் கேஸ்ட்ரோபதி. அதற்குத் தமிழ்ப் பெயராக நீங்கள் எழுதிய யோசனைகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

> 'இரைப்பை அழற்சி' என்றே போட்டுவிடலாமே, எல்லாருக்கும் புரியும்.

புரியும்தான் ஐயா, ஆனால் தப்பாகப் புரியும். இந்த நோயை 1985இல் தனியாகப் பிரித்துக் காட்டிய மக்கார்மாக் குழுவின் கட்டுரைத் தலைப்பே 'அழற்சியா, தேக்கமா' என்ற கேள்விதான். இரைப்பைச் சவ்வில் நுண்குழாய்களும் சிறு சிரைகளும் விரிந்து கிடந்தன. அழற்சி சொல்லும்படி இல்லை. பெற்றோருக்குக் கொடுக்கும் துண்டறிக்கையில் 'அழற்சி' என்று அச்சிட்டால் அதை அல்சர் என்று எடுத்துக்கொள்வார்கள். காரத்தைக் குறைத்து, அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை கொடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். உள்ளே கசிவு அப்படியே இருக்கும்.

நோயின் போக்கைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் வரும் இரத்தம் கணையத்துக்குப் பின்னால் ஒரே சிரையாகக் கூடி ஈரலுக்குள் நுழைகிறது. அதுதான் வாயிற்சிரை, ஆங்கிலத்தில் போர்ட்டல் வெயின். ஈரலுக்குப் போகும் இரத்தத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு இந்த வழியில்தான். வழி அடைபட்டால் அழுத்தம் பின்னோக்கி ஏறும். பெரியவர்களுக்கு அடைப்பு பெரும்பாலும் சுருங்கிப்போன ஈரலுக்குள் இருக்கும். இந்தியக் குழந்தைகள் பலருக்கு ஈரல் நன்றாகவே இருக்கும். வெளியே அந்தச் சிரையே இரத்தக்கட்டியால் அடைபட்டிருக்கும். பிறந்த புதிதில் தொப்புளில் வந்த தொற்றோ, தொப்புள் சிரையில் செலுத்திய குழாயோ சிலருக்குக் காரணம். பலருக்குக் காரணமே கிடைப்பதில்லை. பிறவியிலேயே பித்தக்குழாய் அடைபட்ட குழந்தைகளுக்கு, பித்தம் வடிய வழி செய்யும் கசாய் அறுவை முடிந்த பிறகும் ஈரல் இறுகி இதே நிலை வரலாம்.

உணவுக்குழாயில் புடைத்த சிரை வெடித்தால் குழந்தை இரத்த வாந்தி எடுக்கும். யாரும் கவனிக்காமல் விட முடியாது. இரைப்பை பெரும்பாலும் அப்படிக் காட்டிக்கொடுக்காது. எண்டோஸ்கோப்பியில் பார்த்தால் அதன் மேற்பகுதியிலும் நடுப்பகுதியிலும் சவ்வு பாம்புத்தோல் போலக் கட்டம் கட்டமாகத் தெரியும், முற்றினால் சிவப்புப் புள்ளிகளும் வரும். கசிவு மெதுவாக நடக்கும். குழந்தை வெளுத்துச் சோர்ந்துபோகும், இரும்புச்சத்து குறையும். உணவுக்குழாய்ப் புடைப்புகளுக்கு வளையம் போட்டு அடைத்த பிறகு இரைப்பையில் இது கூடுவதும் உண்டு.

> வாயிற்சிரை மிகையழுத்த இரைப்பை நோய்மை

பொருள் ஒன்றும் விடுபடவில்லை. ஆனால் வார்டில் யார் இதை ஒரே மூச்சில் சொல்வார்கள்? சீக்கிரமே ஆங்கிலப் பெயரின் சுருக்கமான 'பி.எச்.ஜி.'க்குத் திரும்பிவிடுவார்கள். அப்புறம், 'மிகையழுத்தம்' காதில் விழுந்தால் பி.பி. என்றுதான் நினைப்பார்கள். சில மருத்துவர்கள் இதற்கு எழுதும் ப்ரோப்ரனலாலும் பி.பி. மாத்திரைதான். 'இந்த வயசிலேயே பிரஷரா?' என்று பாட்டி அழ ஆரம்பித்துவிடுவார்.

> குருதித்தேக்க இரைப்பை

அழகான பெயர், மக்கார்மாக் குழு சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான். எனக்கு இரண்டு தடைகள். இங்கே தேக்கம் மட்டும் இல்லை, வயிற்றுப்பக்கத் தமனிகள் விரிந்து இரத்த வரத்தும் கூடுகிறது. அடுத்து, எதனால் என்பது பெயரில் இல்லை. இரைப்பையின் கீழ்ப்பகுதியில் சிவப்புக் கோடு கோடாகத் தெரியும் 'தர்பூசணி இரைப்பை' வேறு நோய். ஈரல் நோயாளிகளுக்கு அதுவும் வரும். அதற்கு மருத்துவமும் வேறு. காரணம் பெயரில் இருந்தால் இரண்டும் குழம்பாது.

வாயிற்சிரைக்கு யாழ்ப்பாணத்து அக்கா எழுதிய 'வாயினாளம்' இலங்கைப் பாடநூல்களில் ஊறிய சொல். இங்கே தமிழ்நாட்டில் நாளம் என்றால் பித்தநாளமும் நாளமில்லாச் சுரப்பியும்தான் நினைவுக்கு வரும். சிரையா நாளமா என்ற சண்டையே வேண்டாம் என்று முதலில் 'வாயிலழுத்தம்' எழுதிப் பார்த்தேன். அது பல் மருத்துவர் சமாச்சாரம் மாதிரி இருந்தது!

ஆகவே என் முன்மொழிவு: ஈரல்வாய் அழுத்த இரைப்பைக்கேடு. இலங்கையில் 'அமுக்க' என்று மாற்றிக்கொள்ளலாம். ஈரல் என்றால் மண்ணீரலும் ஆகாதா என்று கேட்பீர்கள். கறிக்கடையில் ஈரல் கேட்டால் கல்லீரல்தான் தருவார்கள். மண்ணீரல் வேண்டுமென்றால் சுவரொட்டி என்று கேட்க வேண்டும். குடும்பச் சொற்களும் இதிலிருந்தே வரும்: ஈரல்வாய் அழுத்தச் சிரைப்புடைப்பு, ஈரல்வாய் அழுத்தப் பெருங்குடல்கேடு.

'கேடு' மட்டும்தான் எனக்கும் உறுத்துகிறது. பெற்றோர் பயந்துவிடுவார்களோ? 'கோளாறு' போடலாம், ஆனால் அஜீரணத்துக்கும் அதைத்தான் சொல்கிறோம். அக்கா, உங்கள் வார்டில் தாய்மாரிடம் இரண்டையும் சொல்லிப் பார்த்து எழுதுங்கள். அதுவரை இணைய அகராதியான விக்சனரியில் ஏற்ற வேண்டாம்.