புதுப்பிப்பு: டிலே பாக்ஸ் பொருத்தியாச்சு
டிராக் ரேஸ் (நேர்கோட்டுப் பந்தயம்) வண்டிக்கு டிலே பாக்ஸ் (பட்டனை விட்டபின் குறித்த நேரம் தாமதித்து வண்டியைக் கிளப்பும் பெட்டி) தேவையா என்று முன்பு கேட்டிருந்தேன். பொருத்திவிட்டேன், பிடித்திருக்கிறது.

இப்போது தொடக்கக் கோட்டு விளக்குக் கம்பத்தில் கடைசி மஞ்சள் விளக்குக்குக் காத்திருப்பதில்லை. முதல் மஞ்சள் எரிந்ததுமே டிரான்ஸ்பிரேக் (கியர்பாக்ஸைப் பூட்டி வண்டியை நிறுத்தி வைக்கும் பிரேக்) பட்டனை விடுகிறேன். குறித்து வைத்த நேரம் கழித்துத்தான் பெட்டி பிரேக்கை விடுவிக்கும். ஃபுல் ட்ரீயில் (மஞ்சள் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியும் முறை) முதல் மஞ்சளிலிருந்து பச்சைக்கு 1.5 வினாடி. அதில் என் கைவேகத்தையும் வண்டி நகர எடுக்கும் நேரத்தையும் கழித்தால் மீதிதான் டிலே. ரியாக்‌ஷன் (பச்சைக்குப் பின் வண்டி கிளம்ப ஆன நேரம்) 0.040 வினாடி வந்தால் டிலேயில் 0.030 மட்டும் குறைக்கிறேன். முழுசாகக் குறைத்தால் பச்சைக்கு முன்பே கிளம்பி சிவப்பு விளக்கு வாங்கிவிடும் பயம்!

கை தயங்கினால் பெட்டி அதைச் சரிசெய்யாது, அந்தத் தயக்கமும் நேரத்தில் சேரும். அப்புறம், ஃபுட்பிரேக் (கால் பிரேக்கால் வண்டியைப் பிடித்துக் கிளம்பும்) வகுப்புகளில் பொதுவாக இதற்கு அனுமதி கிடையாது என்று சொன்னவர்களுக்கு நன்றி.