மிஷன் ட்ரிப்புக்கு பெட்டி கட்டினதுல இன்னும் மனச உறுத்தற ஒரு விஷயம் சொல்லுங்க

கடுகுவிதை:
கோடை லீவுல டீமா வெளிநாட்டு ஊழியத்துக்குப் போய் வந்தவங்க இங்க நிறைய பேர் இருக்கீங்க, அதனால நேரா விஷயத்துக்கு வந்துடறேன். மேற்கு கென்யா, 11 பேர், ஆளுக்கு 23 கிலோவுல ரெண்டு பெட்டி, அதுல ஒண்ணு முழுக்க மருந்து. சபையில வீடு வீடா மிச்சமிருந்த மாத்திரையெல்லாம் வாங்கி, ராத்திரி ராத்திரி உக்காந்து பிரிச்சுக் கட்டி, கை வச்சு ஜெபம் பண்ணித்தான் அனுப்பினாங்க. அங்க ஒரு சின்ன கிளினிக், ஒரே ஒரு நர்ஸ் அக்கா. பெட்டியத் திறந்து வச்சுட்டு நாங்க சுத்தி நின்னு அவங்க முகத்தையே பாத்துட்டு இருக்கோம். அவங்க ஸ்டூலை ஜன்னல்கிட்ட இழுத்துப் போட்டு, ஒவ்வொரு அட்டையா வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு தேதி தேடறாங்க. பல அட்டையில தேதி இருந்த ஓரமே கிழிஞ்சு போயிருக்கு. வலது பக்கம் ஒரு குவியல், இடது பக்கம் ஒரு குவியல், இடது பக்கம் மட்டும் ஏறிக்கிட்டே போகுது. முக்கால் மணி நேரம் ஒரு வார்த்தை பேசல. கடைசில ரொம்பப் பணிவா கேட்டாங்க, இதை நீங்க ஊருக்குப் போறப்போ திரும்ப எடுத்துட்டுப் போக முடியுமா, இங்க எரிக்க வசதி இல்லன்னு. எனக்குத் தொண்டை அடைச்சுப் போச்சு. அப்புறம் வந்து படிச்சாதான் தெரியுது, போய்ச் சேரும்போது காலாவதிக்கு ஒரு வருஷமாவது மிச்சம் இருக்கணும், ஒருத்தருக்குக் குடுத்து மீந்த மருந்தை அனுப்பவே கூடாதுன்னு உலக சுகாதார நிறுவனம் 1996லயே வழிகாட்டுதல் போட்டிருக்கு. எங்க டீம்ல ஒருத்தருக்குமே தெரியல.

சின்னப்படகு:
எங்களுக்கு கவர். விபிஎஸ், அதான் பிள்ளைங்களுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளி, அதுக்கான சாமான் மொத்தத்தையும், பாசிமணி, கலர் பேப்பர், கிரேயான், பசை எல்லாத்தையும் ஒரு பிள்ளைக்கு ஒரு பிளாஸ்டிக் கவர்னு 120 கவர் போட்டு ரெடியா கொண்டு போனோம். தான்சானியாவுல இறங்கினதும் கவர் எல்லாத்தையும் இங்கயே விட்டுட்டுப் போங்கன்னுட்டாங்க. 2019 ஜூன் 1லருந்து அங்க பிளாஸ்டிக் பைக்குத் தடை, வெளியில இருந்து வர்றவங்களுக்கும் சேர்த்துதான், சோப்பு ஷாம்பு வைக்கற ஜிப் பை மட்டும் விடறாங்க. நாங்க ஏர்போர்ட் தரையில பெட்ஷீட்ட விரிச்சு ஒவ்வொரு கவராக் கொட்டினோம், மணி எல்லாம் உருண்டு ஓடுது, எங்க டீச்சர் அக்கா முட்டி போட்டு ஒண்ணொண்ணா பொறுக்கறாங்க, அந்த ஆபீசர் அம்மாவும் கூடவே குனிஞ்சு பொறுக்கிக் குடுத்தாங்க. அவங்க மேல ஒரு குத்தமும் இல்ல, அவங்க மண்ண அவங்க காப்பாத்தறாங்க. கென்யாவுல 2017லருந்து, ருவாண்டாவுல 2008லருந்தே இதே மாதிரி தடை இருக்கு. துணிப்பை தச்சுக் கொண்டு போங்க.

விளக்குத்தண்டு:
மேல ரெண்டு பேர் எழுதினதையும் படிச்சப்போ எனக்குத் தோணினது, இவ்வளவு ஏன் சுமக்கணும்? மத்தேயு 10ல இயேசு சீஷர்களை அனுப்பும்போது பை வேண்டாம், ரெண்டு அங்கி வேண்டாம்னுதானே அனுப்பினாரு. என் பெட்டி வழியில தொலைஞ்சு ஆறு நாள் வரல, போட்டிருந்த ஜீன்ஸோட ஒரு கிராமத்துல போய் நிக்கறேன், அங்க பொண்ணுங்க யாருமே அப்படி உடுத்தல, ஞாயித்துக்கிழமை ஆராதனை வேற. தங்கியிருந்த வீட்டு அம்மா எதுவும் கேட்கல, உள்ள போய் கங்கான்னு அங்க பொண்ணுங்க சுத்திக்கற துணி ஒண்ண எடுத்துட்டு வந்து என் இடுப்புல அவங்களே சுத்தி முடிச்சு போட்டாங்க, ஓரத்துல சுவாஹிலில ஒரு வரி அச்சடிச்சிருக்கும்ல, அந்த வரி நேரா தெரியற மாதிரி துணியத் திருப்பி சரி பண்ணி விட்டாங்க. பெட்டி வந்திருந்தா அந்தக் கை என் மேல பட்டிருக்காது. அதனாலதான் சொல்றேன், ஒரு கைப்பை போதும்.

ஒலிவமரம்:
சிஸ்டர், உங்க சாட்சி ரொம்ப நல்லா இருக்கு, ஆனா அந்த வசனத்த அப்படி எடுக்கக் கூடாதுன்னு நினைக்கறேன். அதே இயேசு லூக்கா 22:36ல பை இருக்கறவன் எடுத்துக்கட்டும்னு சொல்றாரு. பவுல் ஜெயில்ல இருந்து 2 தீமோத்தேயு 4:13ல என்ன கேக்கறாரு? துரோவா பட்டணத்துல விட்டுட்டு வந்த மேலங்கியும் தோற்சுருளும் எடுத்துட்டு வான்னுதான். குளிருக்கு முன்னாடி அவருக்கே அங்கி தேவைப்பட்டுது.

என் விஷயம் சின்னது. கூட வந்த தம்பி கடைசி நாள் உருக்கத்துல துணியெல்லாம் பையோட குடுத்துட்டான், பக்க ஜிப்புல மலேரியா வராம இருக்கப் போட்டுட்டிருந்த டாக்ஸிசைக்ளின் மாத்திரை இருந்தது, அதுவும் போயிடுச்சு. திரும்பி வந்து மூணாவது வாரம், இளைஞர் கூட்டத்துல கிடார் வாசிச்சுட்டு இருக்கான், விரல் கம்பில நிக்கல, பல்லு கிட்டிக்கிது. நான் பக்கத்துல நின்னுட்டு ஏசி போல இருக்குன்னு நினைச்சேன். ஆஸ்பத்திரியில டாக்டர் முதல்ல கேட்டதே, எந்த நாட்டுக்குப் போய் வந்தீங்கன்னுதான்.

அதனால போறவங்க தயவுசெஞ்சு கேளுங்க. டாக்ஸிசைக்ளின் போறதுக்கு ஒரு நாள் ரெண்டு நாள் முன்னாடி ஆரம்பிச்சு, அந்தப் பகுதிய விட்டு வந்த பிறகும் 4 வாரம் தினமும் போடணும், அட்டோவாகோன் புரோகுவானில்ங்கற இன்னொரு மாத்திரைன்னா வந்த பிறகு 7 நாள் போதும், எது உங்களுக்குன்னு டாக்டர்தான் சொல்லணும். டாக்ஸிசைக்ளின் போட்டா வெயில் தோல சீக்கிரம் சுட்டுடும், கூரைக்கு பெயிண்ட் அடிக்கப் போறவங்க முழுக்கை சட்டை வைங்க. மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டு 10 நாள் கழிச்சுதான் அதுக்குக் குடுக்கற சர்டிபிகேட் அட்டை செல்லும், கடைசி வாரத்துல ஓடாதீங்க. 2016 ஜூலைலருந்து ஒரு தடவை போட்டா ஆயுசுக்கும் போதும், பழைய அட்டைய தூக்கிப் போட்டுடாதீங்க. பாஸ்போர்ட்ல ஆறு மாசம் மிச்சம் இருக்கான்னு டிக்கெட் போடறதுக்கு முன்னாடி பாருங்க. பவர் பேங்க் பெரிய பெட்டியில வைக்கவே கூடாது, கைப்பையிலதான், அதுவும் 100 வாட்-ஹவர் (Wh) அளவுக்குள்ள. சொந்த மாத்திரை அட்டையோட, டாக்டர் சீட்டோட இருக்கணும், டப்பாவுல கொட்டிக் கொண்டு போகாதீங்க, கோடீன் கலந்த இருமல் மருந்துக்கு சில நாடுகள்ல கெடுபிடி உண்டு. கொசுவலையில மருந்து ஏத்தினதா பாத்து வாங்குங்க.

கடுகுவிதை:
எல்லாருக்கும் நன்றி. வசனத்தப் பத்தி நான் பேசல, அண்ணாவும் அக்காவும் தனியா பேசிக்குங்க.

இந்த வருஷம் அதே கிளினிக்குக்கு மறுபடி போறோம். இந்தத் தடவை எதையும் சேர்க்கறதுக்கு முன்னாடி அந்த நர்ஸ் அக்காவுக்கு மெசேஜ் போட்டு என்ன வேணும்னு கேட்டேன். ரெண்டு நாள் கழிச்சு பதில். மருந்து வேண்டாம், பக்கத்து டவுன்லயே கிடைக்குது, நீங்க வந்ததும் சேர்ந்து போய் வாங்கலாம். தலையில மாட்டற டார்ச் ரெண்டு வேணும், ராத்திரி பிரசவம் பாக்கும்போது இப்ப போனை வாயில கவ்விப் பிடிக்க வேண்டியிருக்கு. பிரஷர் பாக்கற மெஷினுக்கு குண்டான கைக்கு சுத்தற பெரிய பட்டை ஒண்ணு. அப்புறம் ஒரு வரி விட்டுட்டு, முடிஞ்சா தனக்கு ஒரு படிக்கற கண்ணாடி, பவர் பிளஸ் 2.

அன்னிக்கு ஸ்டூலை எதுக்கு ஜன்னல்கிட்ட இழுத்தாங்கன்னு இப்பதான் புரியுது. கண்ணாடி வாங்கிட்டேன், ரெண்டு. டார்ச்சுக்கு அங்க எந்த பேட்டரி கிடைக்கும்னு கேட்டு அனுப்பியிருக்கேன், பதில் வந்ததும் வாங்கணும்.