44ஆ, 48ஆ? ஒரு வாரத்தில் டிசைன் சிஸ்டம் கட்டித் தரும் மகான்களுக்கு

கோணல்கோடு:
நேற்று பக்கத்து இழையில் பிக்சல்பாண்டி அருளியது இது: "மொபைல் ஆப்புக்கு டிசைன் சிஸ்டம் எல்லாம் பெரிய வித்தை இல்ல. ஃபிக்மாவுல ஒரு ஃபைல், எல்லா பட்டனும் 44 உயரம், ஆண்ட்ராய்டுக்கும் அதையே தூக்கிப் போடு, ஒரு வாரத்துல முடிஞ்சிரும்." கீழே கைதட்ட ஒரு கூட்டம். (ஃபிக்மா, திரைகளை வரையும் மென்பொருள். டிசைன் சிஸ்டம், ஓர் ஆப்பின் பட்டன், நிறம், இடைவெளி எல்லாவற்றுக்கும் பொதுவாக வகுத்து வைக்கும் தொகுப்பு.)

44 ஆப்பிள் சொன்ன அளவு. விரல் படும் இடம் குறைந்தது 44க்கு 44 பாயிண்ட், அது ஐபோன் திரையின் அலகு. ஆண்ட்ராய்டில், கூகுளின் வடிவமைப்பு வழிகாட்டியான மெட்டீரியல் டிசைன் வருவதற்கு முன்பிருந்தே 48 டிபி, அது ஆண்ட்ராய்டு திரையின் அலகு. மறுபடி மறுபடி பயன்படுத்துவதற்காகத்தான் ஒரு சிஸ்டம் கட்டுகிறோம். அதில் தொடும் அளவுக்கு ஒரே டோக்கன், அதாவது பெயர் வைத்துச் சேமித்த ஒரே மதிப்பு, இருந்தால் அது 48ஆகத்தான் இருக்க வேண்டும். 48க்குள் 44 அடங்கும், 44க்குள் 48 அடங்காது. இது மூன்றாம் வகுப்புக் கணக்கு.

பிக்சல்பாண்டி:
வாங்கண்ணே வாங்க. பேர் சொல்லியே இழை தொறந்துட்டீங்க, சந்தோசம். நான் சொன்னதுல பாதிய வெட்டிட்டு ஒட்டியிருக்கீங்க, அதையும் பாத்துக்கிட்டேன். அடுத்த வரியிலேயே "அப்புறம் தேவைக்கு ஏத்த மாதிரி மாத்திக்கலாம்"னு இருந்துச்சு. அது உங்க கண்ணுக்குத் தெரியாதே.

44தான். ஐபோன்ல மேல வர்ற நேவிகேஷன் பாரே பல வருஷமா 44ல இருந்துச்சு. 48 வச்சா பட்டன் எல்லாம் வயிறு உப்புன மாதிரி நிக்கும். கண்ணுன்னு ஒண்ணு இருக்குல்ல, அதுவும் டிசைன்ல சேர்த்திதான்.

கோணல்கோடு:
நேவிகேஷன் பார் 44 என்றால் கீழே வரும் டேப் பார்? அது 49ஆக இருந்தது. உங்களுக்கு வசதியான எண்ணை மட்டும் பொறுக்கி எடுப்பதற்குப் பெயர் டிசைன் இல்லை. 48.

ராத்திரிபில்ட்:
ரெண்டு பேரும் ரெண்டு வேற விஷயத்தைப் பேசுறீங்க. கண்ணுக்குத் தெரியிற அளவு வேற, விரல் தொட்டா வேலை செய்யிற பரப்பு வேற. மெட்டீரியல் 3ல சாதாரண பட்டன் பார்க்க 40 டிபி உயரம்தான், தொடு பரப்பு 48. ஒரே கோட்ல ரெண்டு தளத்துக்கும் ஆப் கட்டுற ஃபிளட்டர்ல மெட்டீரியலுக்கு 48, ஐபோன் பாணி குப்பர்டினோவுக்கு 44ன்னு ரெண்டு மாறிலி மூலக்கோட்லயே தனித்தனியா இருக்கு. ஆண்ட்ராய்டு ஆப் கட்டுற கம்போஸ்ல பட்டனைச் சுத்தி மிச்ச இடத்தை அதுவே ஒதுக்கிக்கும். டோக்கன் ஒண்ணு, தளத்துக்குத் தளம் மதிப்பு வேறன்னு வச்சா பிரச்சினையே இல்லை.

பிக்சல்பாண்டி:
பாத்தீங்களா, கூகுள்காரனே பட்டனை 40 உயரத்துலதான் வரையிறான். 48ன்னு பேசின நாக்கு எங்க போச்சு?

கோணல்கோடு:
தொடு பரப்பு 48 என்று அதே வரியில் எழுதியிருக்கிறார் ஐயா. பாதி வாசித்துவிட்டுப் பாய்கிறீர்கள். ராத்திரிபில்ட் என் பக்கம்தான் பேசுகிறார்.

ராத்திரிபில்ட்:
நான் யார் பக்கமும் இல்லை.

இளையநிலா_07:
சார், ஒரு சின்ன சந்தேகம். டிசைன் சிஸ்டம்னா பட்டன் மாதிரி துண்டுகளைச் சேர்த்து வச்ச காம்பொனென்ட் லைப்ரரியா, ஸ்டைல் கைடா, இல்ல டோக்கன் ஃபைலா? அதை முதல்ல முடிவு பண்ணிட்டு அளவைப் பேசலாமே?

கோணல்கோடு:
தம்பி, அதெல்லாம் அப்புறம். தொடு அளவே தெரியாதவர்களிடம் டோக்கனைப் பற்றி என்ன பேசுவது. 48 டிபி என்றால் கிட்டத்தட்ட 9 மில்லிமீட்டர் என்று கூகுளின் வழிகாட்டியிலேயே இருக்கிறது. 2006இல் பார்ஹி, கார்ல்சன், பெடர்சன் மூவரும் ஒற்றைக் கையில் போனைப் பிடித்துக் கட்டைவிரலால் தொடுவதை ஆராய்ந்தார்கள். ஒரு முறை தொடும் வேலைக்கு 9.2 மில்லிமீட்டர், தொடர்ந்து தட்டும் வேலைக்கு 9.6 மில்லிமீட்டர் வேண்டும் என்று எழுதினார்கள். 9க்குப் பக்கத்தில் வருவது எது? 48.

பிக்சல்பாண்டி:
அண்ணே, இப்பத்தான் சிக்கினீங்க. டிபின்னா ஒரு அங்குலத்துல 160ல் ஒரு பங்கு. 48ஐ 160ஆல வகுத்தா 0.3 அங்குலம். 25.4ஆல பெருக்குங்க. 7.62 மில்லிமீட்டர். 9 எங்கருந்து வந்துச்சு? மூணாம் கிளாஸ் கணக்குன்னீங்களே, எந்த ஸ்கூலு?

சும்மாவந்தவன்:
பாப்கார்ன் வாங்கிட்டு வந்துடறேன், யாரும் நகராதீங்க.

கோணல்கோடு:
160 என்பது பெயரளவு. எந்தப் போனிலும் அது அப்படியே வராது. 6.5 அங்குலம், 20க்கு 9 விகிதத் திரையை எடுத்துக்கொள்ளுங்கள். அகலம் ஏறக்குறைய 67.7 மில்லிமீட்டர். அதை 360 டிபியாக வைத்தால் 48 டிபிக்கு 9.03 மில்லிமீட்டர் வருகிறது. போதுமா? நம் ஊரில் விலை குறைந்த போன்கள் பலவற்றில் 360தான் அகலம். உங்கள் 44ஐப் போட்டால் 8.3. மெல்லிய விரல் இருப்பவர்களுக்கு மட்டும் ஆப் செய்யப்போகிறீர்களா?

பிக்சல்பாண்டி:
அதே போன்ல 411 டிபி வச்சா 7.9தானே? 360ஐ மட்டும் ஏன் பொறுக்கினீங்க? "வசதியான எண்ணை மட்டும் பொறுக்கி எடுப்பது"ன்னு யாரோ மேல எழுதியிருந்தாங்களே.

அது கிடக்கட்டும். உங்க கூகுள் கீபோர்டையே எடுத்துக்கங்க. ஒரு வரிசையில பத்து எழுத்து. 360ஐ பத்தா வகுத்தா 36. நாள் முழுக்க அதுலதான் இந்த நீள நீளமான பதிலெல்லாம் தட்டுறீங்க. 48 இல்லாம விரல் உடைஞ்சா போச்சு?

கோணல்கோடு:
கீபோர்டு விதிவிலக்கு. தப்பாகத் தட்டினாலும் அது யூகித்துத் திருத்திக்கொள்ளும். "பணம் அனுப்பு" பட்டனுக்குப் பக்கத்தில் "ரத்து செய்" பட்டன் இருந்தால் எந்த ஆட்டோகரெக்ட் வந்து காப்பாற்றும்? 48.

மீனலோசனி:
வணக்கம். அணுகல்தன்மை, அதாவது மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி செய்யும் வேலையில் இருக்கிறேன், அதனால் ஒரு வார்த்தை. 2018இல் வந்த டபிள்யூசிஏஜி 2.1 என்ற இணைய அணுகல்தன்மை வழிகாட்டியில் 44க்கு 44 சிஎஸ்எஸ் பிக்சல் (இணையப் பக்கங்களின் அலகு) என்பது ஏஏஏ நிலை, மிகக் கடுமையானது. 2023இல் வந்த 2.2இல், அதற்குக் கீழ்ப்படியான ஏஏ நிலைக்குக் கேட்பது 24க்கு 24தான். அதிலும் போதிய இடைவெளி விட்டிருந்தால் சிறியதாக இருந்தாலும் விதிவிலக்கு உண்டு. அளவோடு சேர்த்து இடைவெளிக்கும் ஒரு டோக்கன் வையுங்கள். இரண்டு பேரும் இடைவெளியைத் தொடவே இல்லை.

பிக்சல்பாண்டி:
44! அக்கா வாயாலயே வந்துருச்சு. நன்றிக்கா.

கோணல்கோடு:
அவர் 24 என்றும் சொன்னார். அதையும் எடுத்துக்கொள்ளுங்களேன், பட்டனையே எடுத்துவிட்டால் இன்னும் சுத்தமாக இருக்கும்.

மீனலோசனி:
நான் சொன்னது இடைவெளி பற்றி.

ராத்திரிபில்ட்:
அக்கா, விடுங்க. போன இழையில நானும் இப்படித்தான் ஆரம்பிச்சேன்.

சும்மாவந்தவன்:
சமாதானத் திட்டம்: 46. ரெண்டு பேரும் ரெண்டு ரெண்டு விட்டுக் கொடுங்க. கை குலுக்குங்க.

கோணல்கோடு:
46 என்று எழுதியவரை இந்தத் துறையிலிருந்தே நீக்க வேண்டும். எட்டின் மடங்கில் இடைவெளி வைப்பது ஏன் என்று தெரியுமா? 8, 16, 24, 32, 40, 48. ஒழுங்காக வந்து உட்காருகிறது. ஒரு டிபிக்கு 1.5 பிக்சல் வரும் ஆண்ட்ராய்டு திரையிலும் அரைப் பிக்சல் விழாது. 44 எட்டின் மடங்கே கிடையாது.

பிக்சல்பாண்டி:
44ஐ 1.5ஆல பெருக்கினா 66. எங்கண்ணே அரைப் பிக்சல்? நாலின் மடங்கு, அம்சமா உட்காருது. நீங்க எட்டைக் கும்பிடுறீங்கன்னா வீட்டுல வச்சுக் கும்பிடுங்க.

இன்னொண்ணு. இவ்வளவு ஒழுங்கு பேசுற நீங்க, போன பொங்கலுக்கு "இலவச ஐகான் தொகுப்பு, தமிழர்களுக்காக"ன்னு அறிவிச்சீங்களே. அது எந்தக் கட்டத்துல உட்கார்ந்துருக்கு?

கோணல்கோடு:
அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? வேலை நடக்கிறது. ஒவ்வொரு ஐகானும் 24க்கு 24 கட்டத்தில், கோடு 2 தடிமனில் வர வேண்டும். யாரோ மாதிரி மற்றவர் செய்ததை இறக்கி நிறத்தை மாற்றி "எங்கள் குழுவின் உழைப்பு" என்று போட எனக்கு வராது. சந்திப்பில் நீங்கள் காட்டிய ஸ்லைடில் இருந்த வண்ண அட்டவணை யாருடையது என்று அங்கே உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் தெரியும்.

பிக்சல்பாண்டி:
நீலத்துல பத்து நிழல் போட்டா அது உங்க சொத்தா? வானத்துக்கும் ராயல்டி கேப்பீங்க போல.

ராத்திரிபில்ட்:
வேலைக்கு உதவுற ஒண்ணைச் சொல்லிட்டுப் போறேன். தமிழ் லேபிள் போடுறவங்களுக்கு 44, 48 ரெண்டுமே காலை வாரும். தமிழ், தெலுங்கு, தாய்லாந்து மொழி மாதிரி உயரம் கூடின எழுத்துகளுக்கு ஆண்ட்ராய்டு இத்தனை நாள் நெருக்கிச் சுருக்கின ஃபான்ட்டைத்தான் தானா எடுத்துக்கிச்சு. 2024ல வந்த ஆண்ட்ராய்டு 15ஐ டார்கெட் பண்ணினா, அதாவது அந்தப் பதிப்புக்குன்னு குறிச்சு ஆப்பைக் கட்டினா, "எலிகன்ட் டெக்ஸ்ட் ஹைட்" தானாவே ஆன் ஆயிடும், முழு உயர ஃபான்ட் வரும். அதுக்கும் முந்தின 14லயே எழுத்தளவை 200 சதவீதம் வரைக்கும் ஏத்திக்கலாம். பட்டனுக்கு நிலையான உயரம் வச்சிருந்தீங்கன்னா "கூ"வோட வால் வெட்டுப்படும், ரெண்டு வரி லேபிள்ல கீழ் வரியே காணாமப் போகும். உயரம்னு டோக்கன் வைக்காதீங்க. குறைந்தபட்ச உயரம், எழுத்துக்கு மேல் கீழ் விடுற பேடிங் இடைவெளி, அவ்வளவுதான். மிச்சத்தை எழுத்து தானா தள்ளிக்கட்டும்.

கோணல்கோடு:
ஆக, பெரிய உயரம் தேவை என்கிறார். 48க்கு இன்னொரு ஆதாரம். நன்றி.

பிக்சல்பாண்டி:
நிலையான உயரமே வேணாங்கிறாரு. அப்ப 48 எங்கண்ணே நிக்கும்?

கோணல்கோடு:
குறைந்தபட்சமாக நிற்கும். நான் முதல் பதிவிலேயே "குறைந்தது" என்று எழுதினேன்.

பிக்சல்பாண்டி:
ஆப்பிள் வரியிலதான் "குறைந்தது"ன்னு எழுதினீங்க. 48க்கு எழுதல. மேல ஏறிப் பாருங்க. இப்ப போய்த் திருத்திடாதீங்க, ஸ்கிரீன்ஷாட் இருக்கு.

கோணல்கோடு:
ஸ்கிரீன்ஷாட் எடுப்பதில் காட்டும் அக்கறையை டோக்கன் பெயர் வைப்பதிலும் காட்டலாம். உங்கள் ஃபைலைப் பார்த்தேன், பொதுவில்தான் வைத்திருக்கிறீர்கள். "பட்டன் நீலம்", "பட்டன் நீலம் புதுசு", "பட்டன் நீலம் புதுசு ஃபைனல்". மூன்றிலும் உயரம் 44. இதைத்தான் சிஸ்டம் என்று ஊருக்குப் பாடம் எடுக்கிறார்.

பிக்சல்பாண்டி:
அது பயிற்சி ஃபைலு. கத்துக்க வர்ற பசங்களுக்காகப் போட்டது. அதுலயும் தேடித் துருவி இருக்கீங்களே, எவ்வளவு நேரம் கையில இருக்கும் உங்களுக்கு. ஐகானை முடிச்சிருக்கலாம்.

சும்மாவந்தவன்:
"நீலம் புதுசு ஃபைனல்" எனக்குப் புடிச்சிருக்கு. எங்க ஆபீஸ்ல "ஃபைனல் 2 இதுதான் நெஜம்" வரைக்கும் போயிருக்கோம்.

இளையநிலா_07:
சார், நிறத்துக்கு எப்படிப் பேர் வைக்கணும்? "நீலம் 500"ன்னு வைக்கலாமா, "முதன்மை"ன்னு வைக்கலாமா? ஃபிக்மா வேரியபிள்ல ரெண்டும் பண்ண முடியுது. டார்க் மோடு வேற வேணும்னு மேனேஜர் கேக்குறார்.

மீனலோசனி:
இரண்டும் வேண்டும் தம்பி. "நீலம் 500" அடியில் இருக்கட்டும், "முதன்மை" அதைச் சுட்டட்டும். காம்பொனென்ட் எல்லாம் "முதன்மை"யை மட்டுமே கேட்க வேண்டும். அப்போது டார்க் மோடில் சுட்டும் இடத்தை மாற்றினால் போதும், திரை திரையாகப் போய்த் திருத்த வேண்டியதில்லை. எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5க்கு 1 ஒளி வேறுபாடு இருக்கிறதா என்று இரண்டு மோடிலும் தனித்தனியாகப் பாருங்கள்.

பிக்சல்பாண்டி:
அக்கா சொல்றது பெரிய டீமுக்கு. ரெண்டு பேர் இருக்குற இடத்துல ஒரு அடுக்கு போதும். "நீலம்"னா எல்லாருக்கும் புரியும்.

கோணல்கோடு:
டார்க் மோடில் உங்கள் "நீலம்" சாம்பலாக மாறும்போது எல்லோருக்கும் நன்றாகவே புரியும். தம்பி, இவர் பேச்சைக் கேட்காதே, மீனலோசனி சொன்னபடி செய். அவர் சொல்வது நான் எப்போதோ எழுதியதுதான். அப்படியே தொடு அளவையும் 48 என்று வைத்துவிடு.

மீனலோசனி:
நீங்கள் எழுதி நான் வாசித்ததில்லையே.

பிக்சல்பாண்டி:
ஐகான் தொகுப்போட சேர்த்து வெளியிடுவாரு போலக்கா.

தம்பி, நீ ஐபோனுக்கா ஆண்ட்ராய்டுக்கா பண்றே? ஐபோன்னா 44 வை.

இளையநிலா_07:
ரெண்டுக்கும் சார். ஒரே கோட்ல ரெண்டுக்கும் பண்ற ரியாக்ட் நேட்டிவ்.

கோணல்கோடு:
48.

பிக்சல்பாண்டி:
44.

ராத்திரிபில்ட்:
தம்பி, தனி மெசேஜ் போடு. ரியாக்ட் நேட்டிவ்ல "ஹிட் ஸ்லாப்"னு ஒண்ணு இருக்கு, பட்டன் சின்னதா இருந்தாலும் தொடு பரப்பை வெளியில நீட்டிக்கலாம். ஆனா பட்டனை அடக்கியிருக்கிற வெளிப்பெட்டியோட (பேரன்ட் வியூ) எல்லையைத் தாண்டி நீளாது, அங்கதான் எல்லாரும் முட்டிக்குவாங்க.

கோணல்கோடு:
தனி மெசேஜ் எதற்கு? இங்கேயே பேசுங்கள், நாலு பேர் தெரிந்துகொள்ளட்டும். ஹிட் ஸ்லாப் போடுவது ஒட்டுப் போடும் வேலை. முதலிலேயே 48 வைத்திருந்தால் அது தேவையே இல்லை. இதைப் பற்றி நாளை விரிவாகத் தனி இழை போடுகிறேன்.

பிக்சல்பாண்டி:
போடுங்கண்ணே. இந்த தடவை மேற்கோளை முழுசா போடுங்க.