கலைச்சொல் வேண்டல்: ‘ரெசிலியன்ஸ்’ – மீள்திறனா, எதிர்காப்பா?

மொழிபெயர்ப்பாளர்:
குழும அன்பர்களுக்கு வணக்கம். பெருநகரத் திட்டமிடல் பாடநூலின் சென்னை இயல் திங்களன்று அச்சுக்குப் போக வேண்டும். 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டு மூழ்கிய அதே நகரம், 2019இல் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் வரவழைத்தது. வெள்ளம், வறட்சி இரண்டையும் எதிர்கொண்டு நிற்கும் ஆற்றலை ‘மீள்திறன்’ எனலாமா?

புலவர்:
வினைத்தொகை, முக்காலமும் அடங்கும். இலத்தீன் மூலத்திற்கும் பின்னோக்கித் துள்ளுதல் என்பதே பொருள். ஆயினும் வருமுன் காப்போரை வள்ளுவர் ‘எதிரதாக் காக்கும் அறிவினார்’ என்றாரன்றோ? நன்னூலும் ‘எதிரது போற்றல்’ என்பதை உத்தியாக வைத்தது. ‘எதிர்காப்பு’ என்றே ஆளலாம்.

பொறியாளர்:
ஐயா, மாணவர் அதை எதிரியிடமிருந்து காப்பு என்றே கொள்வர். ‘தாங்குதிறன்’ என்றால் பாலம் சுமக்கும் பளுவாகிவிடும். மீள்திறனே போதும்.

ஆய்வு மாணவி:
எனக்கு ‘மீள்’ மீதுதான் ஐயம். எந்த நிலைக்கு மீள்வது? தென்சென்னையின் மழைநீரை வாங்கி ஒக்கியம் மடுவு வழியே பக்கிங்காம் கால்வாய்க்கு விடும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் பெரும்பகுதியைக் குப்பைமேடும் கட்டடங்களும் விழுங்கியபின், எஞ்சியது 2022இல்தான் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. வெள்ளத்திற்கு முந்தைய நாளுக்கே மீண்டால் அடுத்த மழைக்கும் அதே வெள்ளம்தான். ஆற்றங்கரையிலிருந்து பெரும்பாக்கத்தில் குடியமர்த்தப்பட்டவர்களையும் எண்ணிப் பாருங்கள். நடந்தே போய் நாலு வீட்டில் பாத்திரம் துலக்கிவிட்டு, பள்ளி விடும் நேரத்திற்குத் திரும்பிய பெண்ணுக்கு இன்று வேலை ஓரிடம், வீடு நெடுந்தொலைவில். வந்து சேர்ந்த இடமும் சதுப்பை ஒட்டியதே. அங்கும் மழைநீர் தேங்குகிறது. நகரம் மீண்டது என்னும்போது இவரையும் சேர்த்தா எழுதுகிறோம்? மாற்றத்திற்கேற்ப அமைத்துக்கொள்வதும் அடங்கும்படி ‘தகவமைதிறன்’ எனலாம்.

புலவர்:
தகவமைதல் ‘அடாப்டேஷனு’க்குப் போயாயிற்றே அம்மா! ஒரே மனைக்கு இரண்டு பட்டா எழுதலாகாது.

மொழிபெயர்ப்பாளர்:
மூன்று நாளாக மடல்கள் வந்துகொண்டேயிருக்கின்றன. பலரும் மீள்திறனுக்கே தலையசைப்பதால் அதையே வைக்கிறேன். ‘பழைய நிலைக்குத் திரும்புவது மட்டுமன்று’ என அடிக்குறிப்பும் இடுவேன்.

ஆய்வு மாணவி:
அடிக்குறிப்பைத் தேர்வுக்கு யார் படிக்கிறார்கள்? ‘மீள்திறனை வரையறுக்க’ என்று கேட்டால் ‘பழைய நிலைக்குத் திரும்பும் ஆற்றல்’ என்றெழுதி முழு மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ள வேண்டுகிறேன்.

புலவர்:
எதிர்காப்பை நானும் கைவிடவில்லை. அடுத்த பதிப்பில் பார்ப்போம்.