'மூழ்குகாட்சி' வேண்டாம்: சூழ்காட்சியும் தோய்நிலையும்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

மெய்நிகர்க் காட்சி காட்டும் ஹெட்செட்டைக் கண்ணில் அணிந்து ஒரு தெருவுக்குள் நடந்து பார்த்து நகர வடிவமைப்பைக் கற்கும் முறைக்கு (immersive VR) 'மூழ்குகாட்சி' என்று நம்மிடையே ஐயா ஒருவர் முன்மொழிந்த சொல்லை இரண்டு வாரமாக எண்ணிப் பார்த்தேன்; எனக்கு ஒப்பவில்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் கலந்த நீர் எண்ணூர் வீடுகளுக்குள் ஏறியதைக் கண்ட பிள்ளைகளிடம் 'மூழ்கிப் பாருங்கள்' என்று சொல்ல மனம் வரவில்லை. அதைவிடப் பெரிய காரணம், அந்த ஒரு சொல் இரண்டு பொருள்களைக் கலந்துவிடுகிறது என்பதே.

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. சாலையின் ஒரு பகுதியை முப்பரிமாண மாதிரியாக அமைத்து மாணவர்களை அதில் நடக்கவிட்டோம். காசிமேட்டிலிருந்து வரும் மாணவி, துணிக்கடை வாசலில் மோட்டார் சைக்கிள் நெருங்கியதும் தோளை ஒடுக்கிக்கொண்டு ஒதுங்கினார். வெளியூர் மாணவர் ஒருவரோ அதே இடத்தில் அசையாமல் நின்று கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டிருந்தார். கருவியும் ஒன்று, காட்சியும் ஒன்று. மனத்தில் நிகழ்ந்தது மட்டும் வேறு. கருவியின் திறனையும், 'நான் அங்கே இருக்கிறேன்' என்று மனம் கொள்ளும் உணர்வையும் மெல் ஸ்லேட்டர் போன்ற மெய்நிகர்க் காட்சி ஆய்வாளர்கள் தனித்தனியாகவே பேசுகின்றனர். தமிழில் மட்டும் ஏன் ஒரே சொல்லில் அடைக்க வேண்டும்?

ஆகவே, பார்ப்பவரை எல்லாப் பக்கமும் வளைத்துக்கொள்ளும் காட்சிக்குச் 'சூழ்காட்சி' என்பதை முன்வைக்கிறேன். அது 'சூழ்ச்சி'யை நினைவூட்டும் என்று அம்மையார் ஒருவர் அஞ்சினார். கடல் சூழ்ந்த ஊர், மலை சூழ்ந்த ஊர் என்று அன்றாடம் சொல்லும் நமக்கு அந்த அச்சம் தேவையில்லை.

மன உணர்வுக்கு முதலில் 'தோய்வு' என்று எழுதிவைத்தேன். துணியில் சாயம் தோய்கிறது, இசையில் மனம் தோய்கிறது. துணி வெளுத்தவர்களால் பெயர்பெற்ற பேட்டையில் இந்த வினை அந்நியமாகாது. மூழ்கியது மறைந்துபோகும், தோய்ந்தது நிறம் கொண்டு வெளியே வரும், கற்றலும் அப்படித்தான். ஆனால் வகுப்பில் உரக்கச் சொன்னபோது பாதிப் பேர் 'தொய்வு' என்று எழுதிக்கொண்டார்கள். அதனால் 'தோய்நிலை' என்று மாற்றினேன்.

இதோடு ஒட்டிய இன்னொன்று. நாம் இருக்கும் இடம் மனத்தை எப்படிப் பாதிக்கிறது என்று ஆராயும் துறையை (environmental psychology) 'சுற்றுச்சூழல் உளவியல்' என்றதும் வடசென்னை மாணவர்களுக்கு அனல்மின் நிலையச் சாம்பலும் மணலி ஆலைப் புகையுமே நினைவுக்கு வருகின்றன. அவையும் அந்தத் துறைக்குள் வருபவைதான் என்றாலும், தெருவின் அகலமும் நிழலும் நெரிசலும் மனத்தை என்ன செய்கின்றன என்ற கேள்வி பின்னால் போய்விடுகிறது. 'சூழிட உளவியல்' பொருந்துமா?

நகரத் திட்ட அறிஞர் கெவின் லிஞ்ச் 1960-இல், மக்கள் மனத்தில் வைத்திருக்கும் நகரின் படத்தைப் பாதை, விளிம்பு, வட்டாரம், கூடுமுனை, அடையாளக்குறி என்று ஐந்தாகப் பகுத்தார். அதன்படி, ஹெட்செட்டைக் கழற்றிய பின் கண்டதை நினைவிலிருந்து வரையச் சொன்னோம். வெளியூர் மாணவர் கடைகளை வரிசை பிசகாமல் வரைந்திருந்தார். காசிமேட்டு மாணவியோ, மாதிரியில் நாங்கள் சேர்க்காத ரயில் பாதையை விளிம்பாக வரைந்துவிட்டு அதன் பிறகே கடைகளைக் குறித்தார். காட்சியில் இல்லாததையும் மனம் அந்த இடத்தோடு சேர்த்துக்கொண்டது; தோய்நிலை என்று நான் சொல்வது இதைத்தான்.

அடுத்த பருவத்தின் பயிற்சித் தாளில் இச்சொற்களை அச்சிட எண்ணியிருக்கிறேன். மறுப்புள்ளவர்கள், குறிப்பாகத் 'தோய்நிலை'யைவிடச் சுருங்கிய சொல் வைத்திருப்பவர்கள், அதற்கு முன் எழுதுமாறு வேண்டுகிறேன்.