புளியோதரை குழைந்து கசக்கிறது. ரயில் பயணத்துக்குள் சரிசெய்ய உதவுங்கள்

கயல் (ஹைதராபாத்)
எல்லோருக்கும் வணக்கம். வரும் வெள்ளிக்கிழமை மாலை ரயிலில் குடும்பத்தோடு சென்னை போகிறோம். மறுநாள் காலை இறங்கி, அங்கிருந்து வேனில் கும்பகோணம். வெளிச் சாப்பாடு மாமியாருக்கு ஒத்துக்கொள்ளாது. அதனால் வெள்ளி இரவுக்கும் சனி காலைக்கும் புளியோதரை கட்டிக்கொண்டு போகலாம் என்று நினைக்கிறேன். ஆனால் எத்தனை தரம் செய்தாலும் சரியாக வரவில்லை.

நான் செய்வது இதுதான். ஊரிலிருந்து வந்த பச்சரிசி 2 டம்ளர், தண்ணீர் 5 டம்ளர், குக்கரில் 4 விசில். இரண்டு எலுமிச்சை அளவு புளியை ஊறவைத்துக் கரைத்துக்கொள்வேன். நல்லெண்ணெய் நன்றாகக் காய்ந்ததும் கடுகு, வெந்தயம், கடலைப்பருப்பு, வேர்க்கடலை, மிளகாய் வற்றல், பெருங்காயம், கறிவேப்பிலை எல்லாம் போட்டுத் தாளித்து, புளிக்கரைசல், மஞ்சள்தூள், உப்பு சேர்த்துக் கெட்டியாகும் வரை கொதிக்கவிடுவேன். குக்கர் திறந்ததும் சாதத்தைத் தாம்பாளத்தில் கொட்டி, சூட்டோடு கலந்துவிடுவேன்.

சாதம் குழைந்து கட்டிகட்டியாக நிற்கிறது. தண்ணீரைக் குறைத்தாலும் ஒட்டல் போகவில்லை. சாப்பிடும்போது முதலில் நன்றாக இருந்து, விழுங்கியபின் அடிநாக்கில் ஒரு கசப்பு தங்குகிறது. மீதியை ஃப்ரிட்ஜில் வைத்தால் மறுநாள் விறைத்துப்போய், புளிப்பே இல்லாமல் சப்பென்று ஆகிவிடுகிறது. எங்கே தவறு?

வசந்தா அம்மா
கயல் கண்ணு, முதலில் அரிசியைப் பற்றிச் சொல். ஊரிலிருந்து வந்தது என்றால் எந்த அறுவடை? தை மாதம் அறுத்த சம்பா நெல்லை உடனே அரைத்து அனுப்பியதா?

கயல்
ஆமாம் அம்மா, மன்னார்குடிப் பக்கம் மாமனாருடைய தம்பி வயலில் விளைந்தது. பொங்கல் கழிந்து அறுத்ததை அரைத்து ஒரு மூட்டை அனுப்பினார்கள். வெள்ளை வெளேர் என்று, வாசனையாக இருக்கிறது.

வசந்தா அம்மா
அதுதான் விஷயம். புது அரிசி கலந்த சாதத்துக்குச் சரிப்படாது. எவ்வளவு தண்ணீர் குறைத்தாலும் மேலே பசை பிடிக்கும், உள்ளே அரைவேக்காடாக நிற்கும். நெல்லாகவோ அரிசியாகவோ குறைந்தது ஆறு மாதம், முடிந்தால் ஒரு வருஷம் கிடந்தால்தான் சாதம் பிரிந்து உதிராக நிற்கும். பழைய அரிசி தண்ணீரும் கூடக் குடிக்கும், வேகும்போது நீளமாகவும் வரும். உன் கையில் இருப்பது சர்க்கரைப் பொங்கலுக்கும் வெண்பொங்கலுக்கும் அருமையான அரிசி. அதை அதற்கே வைத்துக்கொள். ஹைதராபாத்தில் எந்த மளிகைக் கடையிலும் பழைய சோனா மசூரி என்று கேட்டால் கொடுப்பார்கள், அந்த ஊர்க்காரர்களும் பழையதைத்தான் தேடி வாங்குவார்கள். அதற்கு ஒன்றுக்கு இரண்டு தண்ணீர், இரண்டு மூன்று விசில் போதும்.

வேறு வழியில்லை, ஊர் அரிசியில்தான் செய்ய வேண்டும் என்றால் குக்கரை விட்டுவிடு. பானையில் நிறையத் தண்ணீர் கொதிக்கவைத்து, நன்றாகக் களைந்த அரிசியைப் போட்டு, முக்கால் பதத்துக்குக் கொஞ்சம் மேலே வெந்ததும் கஞ்சியை வடித்துவிடு. பசையெல்லாம் கஞ்சியோடு போய்விடும்.

மடைப்பள்ளி மணி
அம்மா சொன்ன அரிசிக் கணக்கு சரி. நான் கல்யாணச் சமையலில் இருக்கிறேன், புளிக்காய்ச்சல் பக்கத்தைச் சொல்கிறேன்.

தங்கச்சி, உங்கள் கசப்பு வெந்தயத்திலிருந்து வருகிறது. நன்றாகக் காய்ந்த எண்ணெயில் கடுகோடு சேர்த்து வெந்தயத்தைப் போட்டால், கடலைப்பருப்பு சிவப்பதற்குள் அது கருகிவிடும். வெந்தயத்தைத் தாளிப்பில் போடவே வேண்டாம். வெறும் சட்டியில் சின்னத் தீயில் வறுக்க வேண்டும். நிறம் கொஞ்சம் சிவந்து வாசனை மேலே வந்ததும் உடனே தட்டில் கொட்டிவிட வேண்டும். சட்டியிலேயே விட்டால் அடுப்பை அணைத்த பிறகும் அந்தச் சூட்டில் கருகும். 2 டம்ளர் அரிசிக்கு அரை டீஸ்பூன் வெந்தயம் தாராளம். தனியா இரண்டு ஸ்பூன், கடலைப்பருப்பு ஒரு ஸ்பூன், நாலைந்து மிளகாய் வற்றல், இரண்டு ஸ்பூன் எள் ஆகியவற்றையும் தனித்தனியாக வறுங்கள். எள்ளும் கருகினால் கசக்கும், படபடவென்று வெடித்ததும் எடுத்துவிடுங்கள். எல்லாம் ஆறியபின் வெந்தயத்தோடு சேர்த்துக் கொரகொரப்பாகப் பொடித்து வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பொடி காய்ச்சல் இறக்கும்போதுதான் சேர வேண்டும், கொதிக்கும்போது அல்ல.

அடுத்தது காய்ச்சல் பதம். 'கெட்டியாகும் வரை' என்று எழுதியிருக்கிறீர்கள், அது போதாது. ஆரம்பத்தில் புளித்தண்ணீர் சளசளவென்று பெரிய குமிழாகக் கொதிக்கும். அப்புறம் குமிழ் சிறுத்து, பொத் பொத்தென்று தெறிக்க ஆரம்பிக்கும். அங்கே தீயைக் குறைத்து, கரண்டியால் அடியைத் தொட்டுத் தொட்டுக் கிளறுங்கள். கரண்டியை இழுத்தால் சட்டியின் அடி கோடாகத் தெரிந்து, ஒரு நொடி கழித்துத்தான் மூட வேண்டும். ஓரத்தில் எண்ணெய் தெளிந்து தனியாக நிற்க வேண்டும். அந்த இடத்தில்தான் பச்சைப் புளி வாசனை போகும், நாள்பட நிற்கவும் செய்யும். அடியில் கருகிப் பிடித்தால் சுரண்டிக் கலக்காதீர்கள், மேலாக வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள்.

அலுமினியச் சட்டியில் புளி காய்ச்சாதீர்கள். கல்சட்டி இருந்தால் முதல் தரம். இல்லையென்றால் வெள்ளீயம் பூசிய பித்தளையோ அடிகனமான எவர்சில்வரோ போதும்.

இளவேனில்
நானும் ஒன்று கேட்கிறேன். பல பெருமாள் கோயில்களில் தரும் புளியோதரையில் மிளகாயைக் காட்டிலும் மிளகு வாசனை தூக்கலாக இருக்கிறதே, வீட்டில் அப்படி வருமா?

மடைப்பள்ளி மணி
வரும். மிளகாய் நம் பக்கம் வந்ததே போர்ச்சுகீசியர் வந்த பிறகுதான். பழைய மடைப்பள்ளி முறையில் காரத்துக்கு மிளகுதான், இன்றைக்கும் பல கோயில்களில் அப்படியே வைத்திருக்கிறார்கள். மிளகாயைப் பாதியாகக் குறைத்து, ஒரு டீஸ்பூன் மிளகை எள்ளோடு வறுத்துப் பொடித்துச் சேருங்கள். வெங்காயம், பூண்டு கிட்டவே வரக்கூடாது. கர்நாடகப் பக்கம் புளியோகரே என்றால் வெல்லமும் கொப்பரையும் சேரும், மேல்கோட்டையில் அதற்குப் பேர் பெற்ற கோயிலே இருக்கிறது. ஆந்திராவில் புளிஹோராவில் கடுகை அரைத்துச் சேர்க்கும் முறையும் உண்டு. அதது அந்தந்த ஊருக்கு ருசி. ஆனால் நம் முறையில் வெல்லம் போட வேண்டுமென்றால் சுண்டைக்காய் அளவுக்கு மேல் போடக்கூடாது என்பது என் கட்சி.

பாலா_திருச்சி
மணி அண்ணே, நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். எங்கள் வீட்டில் புழுங்கல் அரிசியில்தான் புளியோதரை. பச்சரிசி ஆறியதும் சீக்கிரம் விறைக்கிறது, புழுங்கல் மறுநாளும் பதமாக இருக்கிறது. பயணத்துக்குப் புழுங்கலே மேல் என்பேன்.

வசந்தா அம்மா
பாலா தம்பி, பயணத்துக்கு நீ சொல்வதிலும் நியாயம் உண்டு. நைவேத்தியத்துக்குப் பச்சரிசிதான் வழக்கம் என்பதால் நாங்கள் அதிலேயே பழகிவிட்டோம். விறைப்பதற்கு அரிசி மட்டும் காரணம் இல்லை. கயல் ஃப்ரிட்ஜில் வைத்ததுதான் பெரிய காரணம். சாதத்தில் இருக்கும் மாவுச்சத்து ஆறும்போது மறுபடி இறுகும், அந்த இறுக்கம் ஃப்ரிட்ஜ் குளிரில்தான் வேகமாக நடக்கும். கலந்த சாதத்தை உள்ளே வைக்காமல், காய்ச்சலைத் தனியாக வைத்துக்கொண்டு அன்றன்றைக்குச் சாதம் வடித்துக் கலப்பதுதான் வீட்டுக்குச் சரி. வைத்தே ஆக வேண்டும் என்றால் மறுநாள் கொஞ்சம் தண்ணீர் தெளித்து இட்லிப் பானையில் ஆவி காட்டு, இளகிவிடும்.

கலக்கும் முறையும் முக்கியம் கண்ணு. சாதத்தைத் தாம்பாளத்தில் பரப்பியதும், சூடு இருக்கும்போதே இரண்டு ஸ்பூன் பச்சை நல்லெண்ணெய், கொஞ்சம் மஞ்சள்தூள், ஒரு கொத்துப் பச்சைக் கறிவேப்பிலை சேர்த்து, கரண்டிக் காம்பால் மெதுவாகப் புரட்டிவிடு. சோற்றின் மேல் எண்ணெய் ஏறினால் ஒன்றோடொன்று ஒட்டாது. காய்ச்சலைச் சேர்ப்பது கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகுதான். ஆவி பறக்கும் சாதத்தில் கெட்டிக் காய்ச்சலைப் போட்டுப் பிசைந்தால் எந்த அரிசியும் கூழாகத்தான் போகும். கலந்து இரண்டு மணி நேரமாவது ஊற வேண்டும். ஊற ஊற சாதம் புளிப்பையும் உப்பையும் இழுத்துக்கொள்ளும். அதனால் கலக்கும்போது நாக்குக்கு ஒரு பிடி தூக்கலாக இருந்தால்தான் மறுநாள் சரியாக இருக்கும்.

ஊட்டச்சத்து மாணவி
கயல் அக்கா, பயணம் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் இருக்கும், கொதிக்கவைத்தாலும் அவை சாகாது. வெந்த சாதம் இளஞ்சூட்டிலேயே நெடுநேரம் கிடந்தால் அவை முளைத்துப் பெருகும். அப்போது உண்டாகும் ஒருவகை நச்சு திரும்பச் சூடுபடுத்தினாலும் போகாது. புளியின் அமிலம் கிருமி பெருகுவதைத் தடுக்கும், அதனால்தான் புளியோதரை கட்டுச்சோறாக இத்தனை காலம் நிலைத்தது. ஆனால் காய்ச்சல் சோறு முழுக்கச் சீராகப் பரவியிருந்தால்தான் அந்தப் பாதுகாப்பு. உள்ளே வெள்ளைச் சோற்றுக் கட்டி இருந்தால் அந்த இடம் கெடும். சூட்டோடு டப்பாவை மூடாதீர்கள், மூடியில் ஆவி வேர்த்துச் சொட்டி மேல்பகுதி முதலில் வீணாகும். வெள்ளி காலையில் கிளறாமல் மதியத்துக்கு மேல் கிளறி, நன்றாக ஆறவிட்டு, ஈரமில்லாத டப்பாவில் போடுங்கள். இரவுக்கும் காலைக்கும் தனித்தனி டப்பா. எடுக்கும் கரண்டி உலர்ந்ததாக இருக்கட்டும். சனி காலை பத்து மணிக்குள் முடித்துவிடுங்கள், மதியத்துக்கு இழுக்க வேண்டாம். தயிர்சாதமும் கொண்டுபோவதாக இருந்தால் அதை இரவுக்கு மட்டும் எடுத்துப்போங்கள்.

கயல்
எல்லோருக்கும் நன்றி. இன்று பழைய சோனா மசூரி வாங்கி, ஒன்றுக்கு இரண்டு தண்ணீர் வைத்து, எண்ணெய் புரட்டி, ஆறவிட்டுக் கலந்தேன். சாதம் உதிரியாக வந்தது! வெந்தயத்தைத் தனியாக வறுத்துப் பொடித்ததில் கசப்பு முழுக்கப் போய்விட்டது. மாமியார் இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஒன்றுதான் பாக்கி. காய்ச்சல் எவ்வளவு நேரம் வைத்தும் ஓரத்தில் எண்ணெய் பிரியவே இல்லை, அல்வா மாதிரி திரண்டு வருகிறது. வேர்க்கடலையும் நமத்துப்போகிறது.

மடைப்பள்ளி மணி
எண்ணெய் எவ்வளவு ஊற்றினீர்கள்?

கயல்
மூன்று டீஸ்பூன். மாமியாருக்குக் கொழுப்பு அதிகம் என்று டாக்டர் சொன்னதால் குறைத்தேன் அண்ணா.

மடைப்பள்ளி மணி
அப்படியென்றால் பிரிவதற்கு அங்கே எண்ணெயே இல்லை, தங்கச்சி. இரண்டு எலுமிச்சை அளவு புளிக்கு ஒரு பெரிய குழிக்கரண்டி, அதாவது 75 மில்லியாவது வேண்டும். காய்ச்சல் கெடாமல் நிற்பதற்கும் அந்த எண்ணெய்தான் காவல். குறைத்த எண்ணெயில் காய்ச்சியதை வெளியே வைத்து நாள் கடத்தாதீர்கள், ஃப்ரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் முடியுங்கள். மாமியாருக்காக எண்ணெயைக் குறைக்க வேண்டுமென்றால், காய்ச்சலை முறையாகச் செய்துவிட்டு அவர் பங்குச் சாதத்தில் காய்ச்சலைக் கொஞ்சமாகக் கலந்து, வறுத்த பொடியை ஒரு ஸ்பூன் கூடுதலாகத் தூவிக் கொடுங்கள். ருசி குறையாது.

வேர்க்கடலையைக் காய்ச்சலில் கொதிக்கவிட்டால் நமக்கத்தான் செய்யும். தனியாக வறுத்து, தோல் தேய்த்து, சின்ன டப்பாவில் கொண்டுபோய்ச் சாப்பிடும்போது தூவுங்கள். தாளித்த கடலைப்பருப்பு ஊறினாலும் பரவாயில்லை, அது அப்படி ஊறினால்தான் எனக்குப் பிடிக்கும்.

இளவேனில்
எலுமிச்சை சாதமும் எனக்கு இதே மாதிரி கசக்கிறது. அதில் வெந்தயமே போடுவதில்லையே?

வசந்தா அம்மா
அது வேறு கசப்பு இளவேனில். எலுமிச்சைச் சாற்றை அடுப்பில் விட்டுக் கொதிக்கவைக்கக் கூடாது. தாளித்து, அடுப்பை அணைத்து, சட்டிச் சூடு தணிந்ததும் சாற்றை ஊற்று. பிழியும்போது தோல் வரை நசுக்கிப் பிழிந்தாலும் கசப்பு இறங்கும். விதை ஒன்றுகூட விழக்கூடாது, வடிகட்டிக்கொள்.

கயல்
75 மில்லி கணக்கில் மறுபடி காய்ச்சினேன். ஓரத்தில் எண்ணெய் தெளிந்தது, கரண்டி இழுத்தால் அடி கோடாகத் தெரிந்தது. பொடி சேர்த்து இறக்கி பாட்டிலில் போட்டு வைத்திருக்கிறேன். வெள்ளி மதியம் இரண்டு மணிக்குச் சாதம் வடித்துக் கலக்கப்போகிறேன். ஐந்து பேருக்கு இரவு, காலை இரண்டு வேளைக்கு 4 டம்ளர் அரிசி போதுமா?

வசந்தா அம்மா
டம்ளர் 200 கிராம் பிடிக்கும் என்றால் 4 போதும். புளியோதரை நெஞ்சில் நிற்கும், வழக்கமான சாப்பாட்டு அளவு யாருக்கும் இறங்காது. இரவுக்குத் தயிர்சாதம் இருந்தால் மூன்றரையே தாராளம். காய்ச்சல் பாட்டிலில் மீதி இருந்தால் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போ, திரும்பி வந்து தோசைக்குத் தொட்டுக்கொள்ளலாம்.