எல்இடி ஹெட்லைட்டும் போகவே மாட்டேன் என்ற எரர் கோடும்

செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஐரோப்பிய ஹேட்ச்பேக். முந்தைய ஓனரே ஹெட்லைட்டில் எல்இடி பல்பு போட்டிருந்தார். பல்பு ஜம்மென்று எரிகிறது, ஆனால் டேஷ்போர்டில் 'இடது லோ பீம் பழுது' எச்சரிக்கை மட்டும் போகவில்லை. ஒர்க்‌ஷாப்பில் பிசிஎம் (பாடி கண்ட்ரோல் மாட்யூல்) போய்விட்டது, மாற்றுங்கள் என்றார்கள். லைட், ஹாரன், கதவுப் பூட்டு எல்லாவற்றையும் ஆளும் பெட்டி அது. விலையைக் கேட்டதும் வண்டியை வீட்டுக்கே ஓட்டி வந்துவிட்டேன்.

மலிவான ப்ளூடூத் ஓபிடி கருவியில் ஒன்றும் தெரியவில்லை. அவை பெரும்பாலும் இன்ஜின் எரர் கோடுகளைத்தான் காட்டும். பிசிஎம் வரை போய்ப் படிக்கும் ஸ்கேனரை நண்பரிடம் வாங்கிப் போட்டதும் கோடு சிக்கியது: இடது லோ பீம், ஓப்பன் சர்க்யூட், அதாவது இணைப்பு எங்கோ விட்டுப்போயிருக்கிறது. அழித்தால் போகும், ஹெட்லைட்டைப் போட்டதும் வந்து நிற்கும்.

பல்பு எரிகிறதா என்று பிசிஎம் பார்ப்பதில்லை, எவ்வளவு கரண்ட் போகிறது என்றுதான் பார்க்கிறது. எச்7 ஹாலஜன் 55 வாட், அதாவது 12 வோல்ட்டில் நாலரை ஆம்பியர். இந்த எல்இடிக்கு கிளாம்ப் மீட்டரில் 2 ஆம்பியர்கூட வரவில்லை. பல்பு ஃபியூஸ் என்று அது முடிவு கட்டியதில் தப்பே இல்லை.

அப்படியானால் வலது பக்கம் ஏன் சும்மா இருக்கிறது? ரப்பர் மூடியைக் கழற்றிப் பார்த்தேன். வலது பல்போடு ஒரு லோடு ரெசிஸ்டர், கூடுதல் கரண்டை இழுத்து ஹாலஜன் போலக் காட்டுவதற்கு. இடதிலும் இருந்தது, ஆனால் சூட்டில் கனெக்டர் உருகி ஒயர் விட்டுப்போயிருந்தது. 6 ஓம் ரெசிஸ்டர் 2 ஆம்பியர் வாங்கி 24 வாட்டையும் வெறும் சூடாக்கும். இரும்புத் தகட்டில் முறுக்க வேண்டிய சாமானை, பிளாஸ்டிக்கோடு சேர்த்து டேப் சுற்றி வைத்திருந்தார் புண்ணியவான்!

சாதா 55 வாட் ஹாலஜன் இரண்டு போட்டுக் கோடை அழித்தேன், திரும்ப வரவில்லை. பிசிஎம்மும் ஒயரிங்கும் நன்றாகவே இருக்கின்றன. கரண்ட் மிச்சம் என்று வாங்கும் பல்புக்கு, அந்த மிச்சத்தை ரெசிஸ்டரில் எரிப்பது எனக்கு ஒத்துவராது.

*

அண்ணா, எனக்கு எரர் இல்லை, வேறு கூத்து. லைட்டை அணைத்திருந்தாலும் இக்னிஷன் போட்டால் எல்இடி மினுக் மினுக்கென்று மின்னும். பல்பு இருக்கிறதா என்று பிசிஎம் குட்டிக் குட்டி பல்ஸ் அனுப்பிப் பார்க்குமாம். ஹாலஜனில் இழை சூடாவதற்குள் பல்ஸ் முடிந்துவிடும், எல்இடி காட்டிக்கொடுத்துவிடும். பிசிஎம் செட்டிங்கை மாற்றும் கோடிங்கில் அந்தச் சோதனையை நிறுத்தியதும் சரியானது. லோ பீம் போட்டால் எஃப்எம்மில் வரும் இரைச்சல்தான் இன்னும் போகவில்லை. எல்இடிக்குக் கரண்ட் கொடுக்கும் டிரைவர் சர்க்யூட் மட்டம் போல.

*

நான் ஜெர்மனியில் இருக்கிறேன். இங்கே ஹாலஜன் ஹெட்லைட்டில் எல்இடி பல்புக்கு முன்பு அனுமதியே இருக்கவில்லை. 2020இல்தான் ஓஸ்ராம் என்ற பல்பு கம்பெனி முதன்முதலில் அனுமதி பெற்ற எச்7 எல்இடியைக் கொண்டுவந்தது. அதுவும் அவர்கள் பட்டியலில் உள்ள கார் மாடல்களுக்கு மட்டும், சிலவற்றுக்கு எரர் வராமல் பார்த்துக்கொள்ளும் கேன்பஸ் அடாப்டர் தனியாக வாங்க வேண்டும். என் காருக்கு அது தேவைப்படவில்லை, பக்கத்து வீட்டுக்காரர் காருக்குத் தேவைப்பட்டது. பல்பை வாங்கும் முன்பே பட்டியலில் உங்கள் மாடலைத் தேடிப் பார்த்துவிடுங்கள்.